வேலூரிலிருந்து மாமல்லபுரம்: கடற்கரைத் தீனியும் கைவினையும் ஒரே நாளில், முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலிருந்து ஆண்டுக்கு ஒரு வேனாவது மாமல்லபுரம் கிளம்பும். ஏற்பாடு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். முதல் இரண்டு தடவை எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சாவகாசமாக 8 மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு மணலில் இறங்கி, வெயிலில் வதங்கி, பசிக்குக் கிடைத்ததைத் தின்று, இருட்டும் நேரத்தில் அவசரமாகச் சிலை வாங்கினோம். வாலாஜாபாத் தாண்டி ஒரு வேகத்தடையில் வேன் குதித்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் யானைக்குத் தும்பிக்கை இல்லை. முன்பே உடைந்ததைப் பசை போட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எனக்கு அது தெரியவில்லை.

அதற்கப்புறம் நாளின் வரிசையையே திருப்பிப் போட்டேன். பொருள் பார்ப்பது காலை வெளிச்சத்தில், தின்பது மாலைக் காற்றில். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தொல்லை போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் கீழே இருக்கும் படிகள்.

1. தேதிக்கு முன்னால் பருவத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை எது காலி என்று பார்த்துத் தேதி குறிப்பதுதான் முதல் தப்பு. கடற்கரையில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மாதம்தான் முடிவு செய்கிறது.

தையும் மாசியும் என் கணக்கில் முதல் இடம். வெயில் கடிக்காது. பனங்கிழங்கு கிடைக்கும். குழந்தைகளை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை நுங்கு, பதநீர், மாங்காய்ப் பத்தை. தீனிக்கு இதுதான் உச்ச காலம், ஆனால் வெயிலும் உச்சம். இன்னொன்றும் இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சிறிய நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் மீன் அடியோடு இல்லாமல் போகாது. வரத்து குறையும், விலை ஏறும், பெரிய மீன் கேட்டால் பழைய ஐஸ் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு மாதத்தில் போனால் மீன் ஆசையை ஓரம் கட்டிவிட்டு நுங்குக்காகப் போங்கள்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம். நம் ஊரில் பாதி வீடுகளில் புரட்டாசியில் கவிச்சி கிடையாது. ஆகவே அந்த மாதம் வேன் ஏற்பாடு செய்தால் யார் யார் சாப்பிடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் பெரியம்மா ஒருத்தர் காஞ்சிபுரம் தாண்டிய பிறகுதான் விரதம் என்றே சொன்னார்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை. படகு போகாது, கடை போடமாட்டார்கள், ஓலைப் பொருளில் ஈரம் ஏறியிருக்கும்.

2. தவிர்க்க வேண்டிய நாட்கள்

காணும் பொங்கல் அன்று போகவே போகாதீர்கள். ஊரே அங்கே இருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் மதியம் ஆகிவிடும், கடலில் கால் நனைக்கவும் போலீஸ் விடாது.

மாசி மகம் வேறு மாதிரி. அந்தப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபடுவார்கள். திருமணங்களும் அங்கேயே நடக்கும். அது அவர்கள் நாள். தீனிக்கும் பொருளுக்கும் போகிறவர்கள் வேறு தேதி பார்ப்பதே மரியாதை.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நாட்டிய விழா நடக்கும். கூட்டம் இருக்கும், ஆனால் சமாளிக்கலாம். முடிந்தால் வாரநாளில் போங்கள். சிற்பக் கூடத்தில் உட்கார்ந்து பேச ஆளுக்கு நேரம் இருக்கும்.

3. முந்தின நாள் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பருத்தி வேட்டி அல்லது புடவை நான்கு. கல்லைச் சுற்றவும், மணலில் விரிக்கவும், குழந்தையைத் துவட்டவும் இதுதான். பிளாஸ்டிக் பாய் மணலில் காற்றுக்குப் பறக்கும், துணி பறக்காது.

இரண்டு தூக்கு, நான்கைந்து எவர்சில்வர் டம்ளர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தாலும் பதநீரைப் பாலிதீன் பையில் ஊற்றித் தருகிறவர் இன்னும் இருக்கிறார். நம் டம்ளர் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு ரூபாய் நாணயம். இவை தாகத்துக்கோ பிச்சைக்கோ அல்ல, சிலை பார்க்க. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

காற்றுப் புகாத மூடி போட்ட டப்பா ஒன்று, கருவாடு வாங்குவதாக இருந்தால் மட்டும்.

சில்லறை. 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் நிறைய. கூட்டம் மொய்க்கிற நாளில் போனில் பணம் அனுப்பப் போனால் சுற்றிக்கொண்டே நிற்கும், அதற்குள் பஜ்ஜி ஆறிவிடும்.

குடிதண்ணீரோடு உப்பு போட்ட மோர் தனியாக ஒரு கேன். வேலூர் வெயில் வறண்ட வெயில், வேர்த்தால் உடனே காயும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். நம்மவர்கள் “இங்க வெயிலே தெரியல” என்று சொல்லிக்கொண்டே மதியம் தலைவலியோடு உட்காருவது இதனால்தான்.

காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். வெளியில் தின்னப் போகிறோமே, கட்டுச்சோறு எதற்கு என்று கேட்பார்கள். வயிறு நிறைந்திருந்தால்தான் மாலையில் பார்த்து, பொறுக்கித் தின்ன முடியும். பசியோடு போனால் முதல் கடையே சொர்க்கம்.

4. நாலரைக்கு வண்டி நகர வேண்டும்

வேலூரிலிருந்து வாலாஜா சுங்கச்சாவடி, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று, மூன்றரை மணி நேரம். நாலரைக்குக் கிளம்பினால் 8 மணிக்கு முன்னால் மணலில் இருக்கலாம்.

இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், படகு நமக்காகக் காத்திருக்காது. இருட்டோடு போன படகுகள் காலையில் கரை திரும்பும். ஒன்பதரைக்குப் போனால் வலையை உதறிக்கொண்டிருப்பார்கள், மீன் போயிருக்கும்.

பேருந்தில் போகிறவர்கள் காஞ்சிபுரம் போய் அங்கிருந்து மாமல்லபுரம் வண்டி பிடிக்கலாம். நேர் வண்டி இல்லையென்றால் செங்கல்பட்டில் மாறலாம். ஆனால் பேருந்தில் போனால் கல் வாங்கும் எண்ணத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எடைக் கணக்கு 6-ஆம் படியில் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை வலது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில் பாலாறு கூடவே வரும். நம் ஊரில் மணலாகக் கிடக்கும் அதே ஆறுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் தாண்டி வயலூரில் கடலில் சேர்கிறது. வேனில் பிள்ளைகள் தூங்காமல் இருந்தால் சொல்லுங்கள்.

5. முதல் நிறுத்தம் மீனவர் குப்பம், அங்கே பார்க்க மட்டும்

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே குப்பம் இருக்கிறது. முதலில் அங்கே போகச் சொல்வதற்குக் காரணம், புது மீன் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கினால்தான் மாலையில் தட்டில் இருப்பதை எடைபோட முடியும்.

புது மீனின் கண் பளிங்கு மாதிரித் தெளிவாகப் புடைத்திருக்கும், பழையது குழிந்து மங்கும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்கும், பழுப்பாக இருந்தால் பழசு. விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்பும். மணம் கடல் மணமாக இருக்கும், மூக்கைச் சுளிக்க வைக்காது. சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, வவ்வால் என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் சந்தையில் துண்டாகவே பார்த்தவர்களுக்கு முழு வஞ்சிரம் பார்ப்பதே வேடிக்கை.

நண்டைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு: அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டில் தண்ணீர்தான் இருக்கும் என்பார்கள். நான் நாள் பார்ப்பதில்லை, தூக்கிப் பார்ப்பேன். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் எடுக்கலாம், லேசாக இருந்தால் ஓடுதான்.

இங்கே நடந்துகொள்ளும் முறை முக்கியம். காயப் போட்ட வலையை மிதிக்காதீர்கள். செருப்போடு படகில் ஏறி போட்டோ எடுக்காதீர்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் போய் “இது என்ன விலைங்க” என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அது சோற்று நேரம். கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாக்களிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். ஒரு ஆயா என்னிடம் “வேலூரா? அங்க வர்ற மீனு நாங்க போடற ஐஸைத்தான் தின்னுட்டு வருது” என்றார். இரண்டு நாள் சிரித்தேன்.

மீனை ஊருக்கு வாங்கி வருவது பற்றி என் முடிவு: வேண்டாம். காலையில் வாங்கி, நாள் முழுக்க வேனில் வைத்து, இரவு வீடு சேர்ப்பதற்கு மீனின் எடைக்குச் சமமான எடை உடைத்த ஐஸ் வேண்டும், நடுவில் மாற்றவும் வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. அதற்குப் பதில் கருவாடு. நன்றாகக் காய்ந்து, வளைத்தால் சடக்கென்று முறியும் நெத்திலியைப் பாருங்கள். மேலே இளஞ்சிவப்புத் திட்டு படிந்திருந்தால் தொடாதீர்கள், அது உப்பிலும் வளரும் ஒரு கிருமியின் வேலை. கழித்துவிட வேண்டிய சரக்கு. வாங்கியதை டப்பாவில் மூடி, டப்பாவைத் துணியில் கட்டுங்கள். மூடாத கருவாட்டோடு 140 கிலோமீட்டர் வந்த வேனில் அடுத்த வாரம் வரை ஆள் ஏறமாட்டார்கள், அனுபவம்.

6. வெயில் ஏறுவதற்குள் கல்

9 மணி வாக்கில் ஐந்து ரதம் போகும் சாலைக்கு வந்துவிடுங்கள். இருபுறமும் சிற்பக் கூடங்கள். கோயில் பார்ப்பதாக இருந்தால் அதையும் இப்போதே முடியுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே நுழைவுச் சீட்டு என்பதால் கிழித்த சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

முதலில் வாங்காமல் இரண்டு மூன்று கூடங்களைச் சுற்றுங்கள். உளிச் சத்தம் கேட்கிற இடத்தில் நில்லுங்கள், சத்தமே இல்லாமல் நூறு சிலை அடுக்கியிருக்கும் இடத்தில் இருப்பது கடை. கடை தப்பில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் கிடைப்பது கூடத்தில்தான். பிள்ளைகளைக் கட்டர் மெஷினுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கல் தெறிக்கும், தூளும் நெஞ்சுக்கு ஆகாது.

கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. எந்தக் கல்? எதுவரை மெஷின், எதிலிருந்து உளி? பெரும்பாலும் மெஷினில் வெட்டிக் கழித்துவிட்டு, முகமும் விரலும் நகையும் உளியில் செய்வார்கள். அதை ஒளிக்காமல் சொல்கிறவரிடம் வாங்கலாம். மெஷின் தொட்டாலே போலி என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இப்போது நாணயத்தை எடுங்கள். சிலையின் அடிப்பக்கத்தில், கேட்டுவிட்டு, ஓரமாக ஒரு கீறு கீறுங்கள். கருங்கல்லாக இருந்தால் கல்லில் ஒன்றும் ஆகாது, நாணயத்தின் உலோகக் கோடு மேலே படியும். மாக்கல்லாக இருந்தால் வெள்ளையாகக் கீறல் விழும், நகம்கூட இறங்கும். மாக்கல் மோசமான பொருள் இல்லை. நுண்ணிய வேலைக்கு அதுதான் வளைந்து கொடுக்கும். மாக்கல்லுக்குக் கருங்கல் விலை கொடுப்பதுதான் ஏமாற்றம்.

அச்சில் வார்த்தது வேறு ரகம். கல் தூளைப் பசையோடு கலந்து ஊற்றியிருப்பார்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய தழும்புக் கோடு ஓடும், அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் ஓட்டை தெரியும், பக்கத்தில் இருக்கும் பத்துச் சிலைக்கும் ஒரே சிரிப்பு இருக்கும்.

அப்புறம் கைக்குட்டையை நனைத்துக் கறுப்புப் பகுதியில் தேயுங்கள். கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் பாலிஷ் பூசியது.

கடைசியாகத் தண்ணீர். சிலை மேல் கொஞ்சம் தெளித்துக் காயும் வரை பாருங்கள். முழுக் கல் ஒரே சீராகக் காயும். விரிசல் இருக்கும் இடத்தில் ஈரம் ஒரு கோடாகத் தங்கி நிற்கும். ஒட்டு இருந்தால் அந்த இடம் தண்ணீரைக் குடிக்காமல் பளபளக்கும். தும்பிக்கை, கை விரல், வேல் முனை, மூக்கு நுனி: இந்த நான்கையும் விடாதீர்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நம் ஊர்ப் பக்கம் மண்பாண்டம் செய்யும் கரிகிரியில் பானையைத் தட்டுவது மாதிரிதான், முழுசு கணீரென்னும், விரிசல் சொத்தென்னும். சின்னச் சிலையில் இந்தச் சத்தம் அவ்வளவாகப் பிடிபடாது, தண்ணீர்ச் சோதனையே போதும்.

இத்தனையும் பகல் வெளிச்சத்தில்தான் முடியும். மாலையில் இதைச் செய்து பார்த்தவன் நான், ஈரமும் தெரியாது, ஒட்டும் தெரியாது.

எடைக் கணக்கு. கருங்கல் தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். 15 சென்டிமீட்டர் நீள அகல உயரம் உள்ள ஒரு கட்டியே 9 கிலோ. ஓர் அடி உயரப் பிள்ளையார், உடல் பருமனைப் பொறுத்து, 15 கிலோவை எளிதில் தொட்டுவிடுவார். பேருந்தில் போகிறவர்கள் உள்ளங்கை அளவோடு நிறுத்துங்கள்.

பேரம் பேசலாம், பாதி விலைக்குக் கேட்காதீர்கள். “எத்தனை நாள் வேலை இது?” என்று கேளுங்கள். நாள் கணக்கு வந்ததும் கொத்தனாருக்கு நம் ஊரில் கொடுக்கும் கூலியோடு மனதுக்குள் பெருக்கிப் பாருங்கள், பேரம் தானாக அளவுக்கு வந்துவிடும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் அந்தத் தரம் இல்லை, சோதனையை விடாதீர்கள்.

தேர்ந்ததும் முன்பணம் கொடுத்து, அடியில் சாக்பீஸில் உங்கள் பெயரெழுத்தை நீங்களே எழுதி, போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது மாலையில், கிளம்பும்போது. நாள் முழுக்கக் கல்லைச் சுமக்க வேண்டாம், மாற்றிக் கொடுத்தாலும் கண்டுபிடிக்கலாம்.

7. சிப்பி, சங்கு, ஓலை

சிப்பி மாலை, சிப்பி பதித்த கண்ணாடி, திரைச்சீலை எல்லாம் கோயில் போகும் வழியெங்கும் தொங்கும். இங்கே பேரம் தாராளமாகப் பேசலாம். மாலையை இழுத்துப் பார்த்து முடிச்சு நிற்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

கவனம் ஒன்றில்தான். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, இன்னும் சில பெரிய சங்கு வகைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். “எல்லாரும் வாங்கறாங்க சார்” என்பது சட்டத்தில் இல்லை. எந்தச் சங்கு எந்தப் பட்டியல் என்று நமக்குத் தெரியாது என்பதால் நான் சின்னச் சிப்பிப் பொருளோடு நிறுத்திக்கொள்வேன். மணலில் பிள்ளைகள் பொறுக்குவதையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே உயிர் இருந்தால் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாள் நாறும்.

பனையோலைப் பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை கிடைத்தால் வாங்குங்கள். வடக்கே பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் ஓலைப் பொருட்களுக்குத் தனிப் பெயர் உண்டு. நல்ல பின்னலைக் கண்டுபிடிக்க மூடியைக் கழற்றி மாட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சிக்காமல் இறங்க வேண்டும். விளிம்பில் ஓலை நுனி வெளியே நீட்டியிருக்கக் கூடாது, அங்கிருந்துதான் பிரியும். முகர்ந்து பாருங்கள். காய்ந்த புல் வாசம் சரி, பூசண வாசம் வந்தால் சரியாகக் காயாமல் பின்னியது.

கைவினையில் நிஜமாகவே ஆசை இருந்தால் வடக்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள், செவ்வாய் விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் திணித்தவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை.

8. மதியம் நிழல்

12 முதல் மூன்றரை வரை மணல் பக்கம் போகாதீர்கள். கட்டுச்சோறு, ஒரு மரத்தடி, தூக்கம். தீனி மாலைக்குத்தான், நுங்கும் பதநீரும் மட்டும் அதற்கு விலக்கு. அவற்றை மதியத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பதநீருக்கு நேரம் உண்டு. புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அந்தத் தடுப்பு வெயிலில் ரொம்ப நேரம் நிற்காது. காலை 10 மணிக்குள் குடித்தால் பதநீர், மாலை 4 மணிக்கு அதே பெயரில் வருவது வேறு சங்கதி. எங்கள் வேனில் ஒரு மச்சான் மாலையில் மூன்று டம்ளர் குடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு தடவை, செங்கல்பட்டில் ஒரு தடவை வண்டியை நிறுத்தினார்.

நுங்கு வாங்கும்போது உரித்து வைத்ததை எடுக்காமல் கண்ணெதிரே சீவச் சொல்லுங்கள். கட்டை விரலால் நோண்டினால் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கெட்டியாக, தேங்காய் மாதிரி இருந்தால் முற்றல், வயிறு வலிக்கும். மேல் தோலை உரித்து எறியாதீர்கள், கொஞ்சம் துவர்க்கும், அதுவும் சேர்ந்ததுதான் நுங்கு. சாறு துணியில் பட்டால் கறை போகாது, வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நில்லுங்கள்.

9. நாலு மணிக்கு மேல் தீனி

இப்போது கடலுக்கு வாருங்கள். கடற்காற்று நன்றாக எழுந்திருக்கும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். “கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்” என்று ஒருவராவது கேமராவோடு நிற்பார். நம்முடையது கிழக்குக் கடல் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். காய்ந்த பொடி மணலில் விரித்தால் ஒவ்வொரு வாயிலும் மணல். அலை எட்டாத தூரத்தில், லேசாக ஈரம் இருக்கும் கெட்டி மணலைப் பாருங்கள். அது பறக்காது.

தின்னும் வரிசையிலும் காரணம் இருக்கிறது. முதலில் அவித்தது, அடுத்து சுட்டது, கடைசியில் பொரித்தது. எண்ணெய்ப் பலகாரம் முதலில் போனால் மற்றதெல்லாம் ருசிக்காது.

தை மாதமானால் பனங்கிழங்கு. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்திருப்பார்கள். நீளவாக்கில் பிளந்து நடுவில் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக ஒடித்து நன்றாக மெல்லுங்கள். குழந்தைக்கு நாரை உரித்துக் கொடுங்கள். பருமனான கிழங்கு நல்லது என்று நினைப்பார்கள், மெலிந்து நேராக இருப்பதில்தான் நார் குறைவு.

தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலில் தேங்காயை மட்டும் தனியாக ஒரு துண்டு கேட்டு வாயில் போட்டுப் பாருங்கள். ஊசியிருந்தால் அதில்தான் முதலில் தெரியும். மாங்காய்ப் பத்தையை வெட்டி வைத்த தட்டிலிருந்து வாங்காமல் முழுக் காயைக் காட்டி வெட்டச் சொல்லுங்கள். கிளிமூக்கு மாங்காய்தான் இதற்கு. குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சோளக்கதிர் சுடும் கடையில் கங்கு சிவப்பாக இருக்கும்போது கொடுக்கச் சொல்லுங்கள். சாம்பல் மூடிய கங்கில் கதிர் வேகாமல் உலரும்.

மீன் கடைக்கு இப்போது போகலாம். தட்டில் எல்லாமே செக்கச்செவேலென்று மசாலா பூசி அழகாக இருக்கும். அந்தச் சிவப்பு பழைய மீனையும் மறைக்கும். மசாலா போடாததைக் காட்டச் சொல்லிச் செவுளையும் கண்ணையும் பாருங்கள், காலையில் பழகிய கண் இப்போது வேலை செய்யும். தலையில்லாத துண்டாக இருந்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள்.

விலையைப் பொரிப்பதற்கு முன்னால் கேளுங்கள்: “துண்டு கணக்கா, எடைக் கணக்கா அக்கா? எடைன்னா பச்சையா, பொரிச்சா?” இந்தக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டு, கடைசியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்றை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இறாலும் கடம்பாவும் (கணவாய்) முள்ளில்லாத வழி. கடம்பா ரப்பர் மாதிரி இழுத்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம், கெட்டதில்லை.

காலி தொன்னை, கதிர்த்தண்டு, முள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மணலில் புதைத்தால் நாய் தோண்டும்.

10. அலை

இந்தக் கரையில் அலை கொஞ்ச தூரத்திலேயே ஆழத்துக்கு இழுக்கும், கோயில் பக்கம் பாறாங்கற்கள் வேறு. ஏரியில் நீந்தத் தெரிந்த நம் ஊர்ப் பையன்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏரி இழுக்காது, கடல் இழுக்கும். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஆள் பிரித்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்ற பிறகு தண்ணீரில் இறக்காதீர்கள். கால் நனைக்க ஆசையென்றால் தீனிக்கு முன்னால் முடியுங்கள்.

11. ஆறரைக்குக் கிளம்பி, வழியில் கல்லை எடுத்து

சிற்பக் கூடத்தில் நிறுத்தி, சாக்பீஸ் எழுத்தையும் போன் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து மீதிப் பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீட்டிய பாகங்களுக்கு முதலில் சின்னத் துணிச் சுருள், பிறகு மொத்தமாக வேட்டி. வேனில் இருக்கைக்குக் கீழே தரையில், முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் வேகத்தடையில் சாயும். மேல் கேரியரில் வைத்தால் அது உங்களுக்கு மட்டுமா ஆபத்து?

ஓலைப் பொருளைக் கருவாட்டு டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள். வாசம் போக ஒரு மாதம் ஆகும்.

12. வீட்டில், மறுநாள்

சிப்பியில் பசை போட்டு ஒட்டிய பொருளை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊற வைத்தால் கழன்றுவிடும். பிள்ளைகள் பொறுக்கிய வெறுஞ்சிப்பியை ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பு இறக்கிக் காய வையுங்கள். ஓலைப் பெட்டியை நிழலில் ஆறவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இளவெயில் காட்டுங்கள்.

சிலைக்குப் பதில் சின்ன அம்மியோ இடிகல்லோ வாங்கியவர்கள் உடனே இஞ்சி பூண்டு தட்டிவிடாதீர்கள். புதுக் கல்லில் உளித் தூள் ஒளிந்திருக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறட்டும். பிறகு ஒரு பிடி ஊறிய பச்சரிசியை அரைத்து எடுங்கள், சாம்பல் நிறத்தில் வரும், கொட்டிவிடுங்கள். கழுவிவிட்டு மறுபடி. நான்கைந்து தடவையில் மாவு வெள்ளையாக வரும். எங்கள் வீட்டு இடிகல்லுக்கு ஏழு தடவை ஆயிற்று. வெள்ளையானதும் கல்லுப்பு ஒரு கை போட்டு ஒருமுறை அரைத்துக் கழுவி, காயவிட்டு எடுத்து வையுங்கள். முதல் சட்னி அதற்கு மறுநாள்தான்.